உப்புக்கு இருந்த கூரை

கதவில்லாத வீட்டில் மனிதர் குடியிருப்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ள ஒருவர் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் கொழும்பிலிருந்து வந்த நடுவர்கள் என் படத்தை மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தார்களாம். அதில் வரிசையாக நிற்கும் கூரைகளுக்குக் கீழே ஒரு கதவுகூட இல்லை என்பது அவர்களில் ஒருவருக்கும் படவில்லை. பட்டும் பரவாயில்லை என்று விட்டார்களோ என்னவோ. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் பெயர் றிஸ்மினா. புத்தளத்தில், தில்லையடியில் இருக்கிறேன். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பது என் தொழில். எங்கள் ஆட்களின் கல்யாணங்களில் மணமகள் இருக்கும் அறைக்குள் ஆண் படப்பிடிப்பாளர் நுழைய மாட்டார், நான்தான் போவேன். எடுத்த படங்களைப் பெண் வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் பார்த்திருக்க என் கெமராவிலும் கம்பியூட்டரிலும் இருந்து எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். அந்த நம்பிக்கையில்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் எடுத்ததிலேயே திறமானவை எல்லாம் யார் யாருடைய அலுமாரிக்குள்ளோ பூட்டிக் கிடக்கின்றன. இது றிஸ்மினா எடுத்தது என்று ஒரு சுவரில் மாட்டிக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

அதனால்தான் உப்புத் தண்ணீர்க் களப்பையும் கடலையும் வானத்தையும் எடுக்கத் தொடங்கினேன். மேகம் எந்த வீட்டுப் பெண்ணும் இல்லை. அதை எடுத்து யாருக்கும் காட்டலாம், கீழே என் பெயரையும் போடலாம்.

எங்கள் பக்கத்துக் கரையைப் படமெடுக்க வருகிறவர்கள் வெயில் காலத்தில் வருவார்கள். நீலக் கடல், நீல வானம், நடுவில் ஒரு படகு. அதை எடுக்க ஆளே தேவையில்லை, கெமராவைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தாலும் அது தானாக எடுத்துவிடும். நான் மார்கழி மாரியில் போவேன். காலையில் வானம் கழுவிவிட்ட பீங்கான் போல இருக்கும், தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வடகிழக்கில் கறுத்துக் கட்டும், மழை அடித்து ஓய்வதற்கு முன்னாலேயே எங்கோ ஓர் ஓட்டையால் வெயில் இறங்கும். படமெடுக்கிறவளுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை, கெமராவுக்கு இதைவிடக் கெட்ட காலமும் இல்லை. நான் கெமராவை ஒரு சொப்பிங் பேக்குக்குள் போட்டு, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை வெட்டி, றப்பர் பட்டி போட்டுக் கொண்டுபோவேன். உப்புக் காற்று லென்ஸில் படியப் படிய, என் கணவர் முஹ்ஸினின் பழைய சாரத் துண்டால் துடைத்துக்கொண்டே நிற்க வேண்டும்.

அந்த மாரியில் நான் குறிவைத்திருந்தது பாலாவிப் பக்கத்து உப்பளத்தை. மழைக் காலத்தில் அங்கே வேலை நடக்காது. பாத்திகளில் மழைத் தண்ணீர் நிறைந்து, வானம் அப்படியே கீழே கிடக்கும். வெயில் காலத்தில் வாரிய உப்பை வரம்பின் மேல் நீளநீளக் குவியலாகக் குவித்து, மாரி தொடங்குவதற்கு முன் மூடிவிடுவார்கள். இப்போது அநேகம் பேர் கறுப்புப் பொலித்தீனால் மூடுகிறார்கள். ஒருவர் மட்டும், பொலித்தீனைக் காற்று கிழித்துவிடுகிறது என்று, பழையபடி தென்னோலைக் கிடுகால் இரண்டு பக்கமும் சரித்துக் கூரை வேய்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் குடிசை வரிசை போலத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிட்டப் போய்ப் பார்க்கக் கால் இருக்கிறது, கேட்க வாய் இருக்கிறது.

பல நாள் போய் வெறுங்கையோடு திரும்பினேன். மழை பெய்தால் ஒரேயடியாகப் பெய்யும், வெளித்தால் ஒரேயடியாக வெளிக்கும். முஹ்ஸின் தன் த்ரீவீலில் என்னை ஏற்றிக்கொண்டு போய் வரம்போரம் நிறுத்திவிட்டு, "பொண்ணும் இல்ல, மாப்புளயும் இல்ல, இது என்ன கல்யாணம்" என்று முணுமுணுப்பார். ஒரு பின்னேரம் கடும் மழை. த்ரீவீலுக்குள் இருந்தே இருவரும் நனைந்தோம். திடீரென்று எங்கள் முதுகுப் பக்கம் மேகம் கிழிந்து, களப்புக்கு மேலே சூரியன் எட்டிப் பார்த்தது. எதிரே கிழக்கு இன்னும் கன்னங்கரேலென்று கொட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த கிடுகு சாம்பல் நிறமாக இருக்கும், நனைந்த கிடுகில் அந்த வெயில் பட்டதும் தேன் நிறம் வந்தது. கறுத்த வானத்துக்கு முன்னால் அந்தக் கூரைகள் மட்டும் எரிந்தன, தண்ணீருக்குள்ளும் எரிந்தன. நான் இறங்கி ஓடிச் சேற்றில் முழங்காலில் நின்று எடுத்தேன். இரண்டு ஸலவாத்து ஓதும் நேரம்கூட அந்த வெளிச்சம் நிற்கவில்லை. போய்விட்டது, மறுபடியும் மழை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் உம்மாவிடம்தான் காட்டினேன். உம்மா ஜெய்னம்பு எங்களோடுதான் இருக்கிறார். முழங்கால் வலி, சீனி வருத்தம், எல்லாவற்றிலும் ஒரு குறை கண்டுபிடிக்கும் கண். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். என் கல்யாணப் படங்களைப் பார்க்கும்போது பெண்ணின் மூக்குத்திவரைக்கும் விசாரிக்கிறவர், இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

"ம்ம்," என்றார். "இதுக்கா மழையில நின்ட? தலயத் தொவட்டு."

எனக்குச் சுருக்கென்றது. ஊரே மெச்சினாலும் பெற்றவள் மெச்சாவிட்டால் என்ன இருக்கிறது என்று அன்றிரவு முஹ்ஸினிடம் புலம்பினேன்.

பிறகுதான் அந்தப் போட்டி வந்தது. கொழும்பில் ஏதோ ஓர் அமைப்பு, எங்கள் கரையோரத்தைப் பற்றிய படங்களைத் தெரிவுசெய்து கல்பிட்டியில் ஒரு பெரிய ஹோட்டலில் கண்காட்சி வைக்கப் போவதாக அறிவித்திருந்தது. என் படத்துக்கு "மழைக்கு நடுவே, பாலாவி" என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். என்னைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்டியபோது எங்கள் குடும்பம் மன்னாரிலிருந்து வந்தது, நான் அப்போது மடிப் பிள்ளை என்று எழுதினேன். கேட்டார்கள், இருந்ததைச் சொன்னேன். அதையும் படத்தையும் சேர்த்து முடிச்சுப் போடுவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

சில கிழமை கழித்துத் தர்சன் என்றொருவர் அழைத்தார். ஏற்பாட்டாளர், கனிவான குரல். "வாழ்த்துக்கள் மிஸ். உங்கட படத்துக்குத்தான் முதலிடம். நடுவர்கள் கண்கலங்கிட்டாங்க." நான் ஸுஜூதில் விழுந்து எழும்பினேன். வெளிச்சத்தைப் பார்த்துக் கண்கலங்குகிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள் என்று நினைத்து என் மனம் குளிர்ந்தது.

திறப்பு விழாவுக்கு உம்மாவும் வந்தார். முஹ்ஸினுக்கு அன்று த்ரீவீல் ஹயர் இருந்ததால் பஸ்ஸில் போனோம். நுரைச்சோலை தாண்டும்போது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்குப் பின்னால் மேகம் திரண்டிருந்தது, கொஞ்சம் போனதும் வெயில் அடித்தது. உம்மா புது அபாயா போட்டுக்கொண்டு, தன் மகளுக்குப் பரிசு கிடைத்த கதையைப் பக்கத்து இருக்கைக்காரிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். படத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஹோட்டல் மண்டபத்தில் உம்மாவை ஒரு கதிரையில் இருத்தி, தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, என் படத்தைத் தேடிப் போனேன். நுழைந்ததும் தெரியும்படி நடுச் சுவரில் பெரிதாக மாட்டியிருந்தார்கள். கிட்டப் போகும்வரை அது என் படமென்றே எனக்குத் தெரியவில்லை. நிறம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் "வேரற்றவர்களின் குடிசைகள், புத்தளம்". அதற்கும் கீழே என் பெயர்.

பிறகு தர்சனைத் தேடிப் பிடித்தேன். இளம் ஆள், நல்ல மரியாதை, கழுத்தில் அடையாள அட்டை.

"தம்பி, இது குடிசை இல்ல. உப்புக் கும்பி. மழைக்கு நனையாம கிடுகு போட்டு மூடியிருக்காங்க. நான் பாலாவி எண்டு எழுதித்தானே அனுப்பின."

அவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்பிடியா மிஸ். ஆனா பாக்கிற ஆளுக்கு அது வீடாத்தானே தெரியுது. உணர்வுதானே முக்கியம்."

"கதவு எங்க, தம்பி?"

"மற்றப் பக்கம் இருக்குமெண்டு நினைச்சுக்கொள்ளுவாங்க."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது இதுதான். "சரி, நிறத்த ஏன் எடுத்தீங்க?"

"சோகமான விஷயம் மிஸ். நிறம் இருந்தா சந்தோசமாத் தெரியும். நடுவர்களே சொன்னாங்க."

நான் எந்த வெளிச்சத்துக்காக நாள்கணக்காகச் சேற்றில் நின்றேனோ, அந்த வெளிச்சம்தான் அந்தப் படம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஓலையும் உப்பும்தான். இவர்களுக்கு அகதி என்றால் நிறம் இருக்கக் கூடாது. நாங்கள் சிரித்திருக்கக் கூடாது, வெயிலில் நின்றிருக்கக் கூடாது, முப்பத்தைந்து வருடம் கழித்தும் நனைந்துகொண்டே நிற்க வேண்டும். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். எங்கள் வீடு எரிந்து அணைந்த பிறகும், சாம்பலைக் கிளறிக்கொண்டு இவர்கள் நிற்கிறார்கள்.

இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. "மாத்துங்க" என்று மட்டும் சொன்னேன்.

தர்சன் குரலைத் தாழ்த்தினார். "மிஸ், உங்களுக்கு விளங்கணும். அந்தக் கதைக்காகத்தான் முதலிடம் குடுத்தவங்க. உப்பெண்டு மாத்தினா அடுத்த படத்துக்குத்தான் குடுக்க வேணும்." கையைக் காட்டினார். பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைக்காரன் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தான், பின்னால் ஓரஞ்சு நிறச் சூரியன். "இப்பிடியே இருந்தா இது கொழும்புக்கும் போகும். உங்கட பேரில தனிக் கண்காட்சியும் செய்யலாம். பிரதம விருந்தினர் வந்துகொண்டிருக்கார், யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், யோசித்தேன். இத்தனை கல்யாணங்களில் எடுத்து எடுத்து அழித்தவள் நான். அந்தச் சுவரில் என் பெயர் இருந்தது. ஒரு பொய்க்குக் கீழே இருந்தது, ஆனாலும் இருந்தது. "விழா முடியட்டும், பொறகு கதைப்பம்" என்றேன். சொன்ன வாய் கசந்தது.

திரும்பிப் பார்த்தால் உம்மா கதிரையில் இல்லை. படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் போவதற்குள் தர்சன் உம்மாவிடம் போய்விட்டார்.

"இவங்கதானா உங்கட அம்மா? அந்தக் காலத்தில குடிசையில இருந்தவங்க?" அவருடைய முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. கையைத் தட்டி வீடியோக்காரரைக் கூப்பிட்டு, உம்மாவைப் படத்தின் ஓரமாக நிறுத்தி, மைக்கை நீட்டினார். ஆட்கள் கூடிவிட்டார்கள். உம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதைவிட மோசம், சும்மா இருக்கவும் தெரியாது.

"அம்மா, இந்தக் குடிசைகளைப் பாக்கேக்க உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?"

உம்மா படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இது உப்புத்தானே, தம்பி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தர்சனும் சிரித்துச் சமாளித்தார். "ஓம் அம்மா. ஆனா இதைப் பாக்க அந்தக் காலம் ஞாபகம் வருதுதானே?"

"வரும். ஏன் வராம." உம்மா அபாயாவின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாங்க வந்து எறங்கினதும் இப்பிடி ஒரு மாரியிலதான். ஊராக்கள் சோறு தந்தாங்க, பொய் சொல்லக் கூடாது. பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் எங்கட சனத்தால நெறஞ்சி போச்சி. எங்களுக்கு எடம் கெடச்சது ஒரு தென்னந்தோட்டத்துல, மரத்துக்குக் கீழ. இவ என்ட மடியில. மழ அடிக்க அடிக்க ஒரு சாக்க இவட தலைக்கு மேல புடிச்சிக்கிட்டே இரிந்தேன். விடிஞ்சி பாத்தா, எதுக்க உப்பளம். வரிசையா உப்பு. எல்லா உப்புக்கும் புதுக் கிடுகுல அழகாக் கூர போட்டு, ஓரமெல்லாம் கட்டியிரிக்கி. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது."

உம்மா யாருக்கும் சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை, அந்த உப்போடு வழக்குப் பேசுகிற மாதிரிச் சொன்னார்.

"உப்புக்காரர நான் குத்தம் சொல்லல்ல. உப்பு நனஞ்சாக் கரஞ்சி போயிடும். மனிசர் நனஞ்சாக் கரைய மாட்டாங்களே. அதால விட்டுட்டாங்க. இத எங்கட வீடெண்டு எழுதாதீங்க, தம்பி. அந்த மழைக்கு எங்களுக்கு வீடு இருக்கல்ல. இந்த உப்புக்கு இருந்திச்சி."

அந்த "ம்ம்" எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் தேன் நிறம் என்று கொண்டுபோய் உம்மாவின் கையில் கொடுத்தது எதை என்று விளங்கியது. இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. அழுகை வந்தது, அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத ஆத்திரம்.

யார் மேல் என்பதைத் தர்சனே காட்டித் தந்தார். அவருடைய கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அருமை அம்மா. மைக்கில கொஞ்சம் காத்துச் சத்தம் விழுந்திட்டு. அந்தக் கடைசியாச் சொன்னதை மட்டும் இன்னொருக்காச் சொல்றீங்களா? இந்தப் பக்கம் திரும்பி."

உம்மா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"இன்னொருக்காச் சொல்லட்டாம்."

"என்னத்துக்கு? வெளங்கல்லயா?"

தர்சன் என் பக்கம் திரும்பினார். "மிஸ், இது இன்னும் பெரிய கதை. தலைப்பை இப்பவே மாத்துவம். 'கூரையுள்ள உப்பு, கூரையற்ற மனிதர்.' முதலிடம் உங்களுக்குத்தான், நான் பொறுப்பு. கறுப்பு வெள்ளை மட்டும் இப்பிடியே இருக்கட்டும்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. உப்பு உப்பாகிவிட்டது, என் பெயரும் சுவரில் இருக்கும், கொழும்புக்கும் போகலாம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய்யை எவ்வளவு சுகமாக மாட்டினார்களோ, உண்மையையும் அதே ஆணியில் அவ்வளவு சுகமாக மாட்டுகிறார்கள். உம்மா முப்பத்தைந்து வருடம் வாய் திறக்காமல் வைத்திருந்தது, அந்த மனிதருக்கு ஒரு தலைப்புக்கு ஆகிவிட்டது.

இரண்டு கையையும் நீட்டிப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். அட்டையில் ஒட்டிய படம், பாரமில்லை.

"மிஸ், என்ன செய்றீங்க? பிரதம விருந்தினர் வாசலுக்கு வந்திட்டார்."

"வரட்டும். அவருக்கு அந்தப் பட்டம் விடுறவரக் காட்டுங்க."

"முதலிடம் போயிடும், மிஸ்."

"அதையும் பட்டத்திலயே கட்டி விடுங்க." உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கார்களிலிருந்து மாலைகளோடு இறங்கிய கூட்டம் எங்களுக்கு வழிவிட்டது. நாங்கள்தான் பரிசு வாங்கிக்கொண்டு போகிறோம் என்று நினைத்து ஒருவர் சிரித்துத் தலையாட்டினார்.

பிரதான வீதிவரை நடந்தோம். உம்மா முழங்காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார், தேத்தண்ணீருக்குச் சீனி கூட என்று குறை சொன்னார். நான் வழியெல்லாம் தர்சனைத் திட்டிக்கொண்டு வந்தேன். நடுவர்களைத் திட்டினேன், கறுப்பையும் வெள்ளையையும் திட்டினேன். எங்கள் கதையை விற்றுத் தின்கிறார்கள் என்றேன், எங்கள் நனைந்த தலைகளைப் பார்க்க இவர்களுக்கு அவ்வளவு ஆசை என்றேன். பஸ் நிறுத்தும் இடத்துக்கு வந்தபோது வெயில்தான் அடித்தது. அப்படியே பார்த்துக்கொண்டிருக்க வெயில் அணைந்தது. காற்று குளிர்ந்து, தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன, ஒதுங்க இடம் தேடுவதற்குள் மழை எங்கள் மேல் இருந்தது.

என்னிடம் ஒரு குடைதான் இருந்தது. பையிலிருந்து உருவி விரித்தேன். ஈரம் பட்டால் அட்டை ஊதிவிடும், மை ஓடிவிடும். படத்தை நெஞ்சோடு அணைத்து, முதுகை வளைத்து, குடையை அதன் மேல் தாழ்த்திப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே, "அவனுகளுக்கு மனிசரக் கண்டா மனிசராத் தெரியாது, உம்மா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். உம்மா இரண்டடி தள்ளி மழைக்குள் நின்றார். புது அபாயா உடம்போடு ஒட்டிவிட்டது, முக்காட்டிலிருந்து தண்ணீர் கன்னத்தில் ஓடியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. குடைக்குக் கீழே ஒரு சொட்டும் படாமல் இருந்த அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மவள்," என்றார், கோபமில்லாமல். "மொதல்ல எனக்குப் புடி."

குடையை உம்மாவின் தலைக்கு மேல் கொண்டுபோனேன். படம் நனைந்தது. நான் அதைத் துடைக்கவில்லை.